பழைய பீமுக்குக் கார்பன் தகடு ஒட்டுவது: முதல் தடவை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டு மாடியை டியூஷன் சென்டராக மாற்ற நினைக்கிறீர்கள். கீழே இருக்கும் பீம் தாங்குமா என்று கணக்குப் போட்டால், தாங்காது என்று வருகிறது. ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர நூலின் பகுதி 2-இன்படி குடியிருப்பு அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் (சுமார் 200 கிலோ எடை) பயன்பாட்டுச் சுமை, அதாவது ஆட்களும் சாமான்களும், போதும். வகுப்பறைக்கு 3 வேண்டும். அந்த ஒரு கிலோநியூட்டன் பழைய பீமைத் திணறடித்துவிடும். இந்த மாதிரி நேரத்தில் இன்று பொறியாளர்கள் முதலில் சொல்லும் வழி, பீமின் அடிப்பக்கத்தில் எபாக்ஸி பசையால் கார்பன் தகடு (கார்பன் நாரைப் பிசினில் இறுக்கிய மெல்லிய பட்டை) ஒட்டுவது. இடிக்க வேண்டாம், பீமின் ஆழம் அதிகமாகாது, ஒட்டும் வேலை ஓரிரு நாளில் முடியும்.

நல்ல வழிதான். ஆனால் சென்னையில் இப்படி ஒரு வேலையை சைட் இன்ஜினியராக நடத்தியபோது நான் பார்த்தது, பேசியவர்கள் எல்லாரும் தகட்டின் பலத்தைப் பற்றியே பேசினார்கள். அது எங்கிருந்து பிய்த்துக்கொண்டு வரும், அதைத் தடுக்க வரைபடத்தில் என்ன இருக்க வேண்டும், கொட்டேஷனில் எந்த வரி விடுபடும் என்பதையெல்லாம் துண்டு துண்டாகத் தேடித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர்களும், புதிதாக சைட்டுக்கு வந்திருக்கும் இளம் பொறியாளர்களும் அந்த அலைச்சல் இல்லாமல் வேலையை முடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. உடைவது பசை அல்ல, பசைக்கு மேலே இருக்கும் கான்கிரீட்

மற்ற எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் வருகின்றன. அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

உரிந்து விழுந்த ஒரு தகட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், பசையின் மேல் சில மில்லிமீட்டர் தடிமனுக்குக் கான்கிரீட் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். மணல், உடைந்த ஜல்லி முனைகள் எல்லாம் தெரியும். சில சமயம் கம்பிக்குக் கீழே அதை மூடியிருக்கும் கான்கிரீட், அதாவது கவர், முழுவதுமே பலகை போலக் கழன்று வந்திருக்கும். நல்ல எபாக்ஸியின் சறுக்கு வலிமை (பரப்பு வழுக்காமல் பிடிக்கும் வலிமை) 15 மெகாபாஸ்கலுக்கு மேல், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டனுக்கு மேல். சாதாரணக் கான்கிரீட்டின் இழுவை வலிமையோ 2 மெகாபாஸ்கல் அளவுதான். எது முதலில் போகும் என்பதில் சந்தேகமே இல்லை.

சரி, எவ்வளவு தகைவு, அதாவது ஒரு பரப்பலகில் எவ்வளவு விசை, வருகிறது? ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 230 மி.மீ. அகலம், 450 மி.மீ. ஆழம், 4.5 மீட்டர் நீளம் உள்ள பீம். க்யூப் வலிமை (கனசதுரக் கட்டியை நசுக்கி அளப்பது) 25 மெகாபாஸ்கல். அடியில் 100 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. தடிமன் உள்ள கார்பன் தகடு. நடுவில் தகட்டின் திரிபு, அதாவது தன் நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது என்பது, 0.003 என்றால் அதில் ஏறும் விசை சுமார் 59 கிலோநியூட்டன். அதைப் பாதி நீளத்தின் ஒட்டுப் பரப்பால் வகுத்தால் 0.3 மெகாபாஸ்கல் வரும். “பசை 15 தாங்கும், நமக்கு வேண்டியது 0.3, அப்புறம் என்ன பயம்?” என்று விற்பவர் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இது சராசரி. ஒட்டுத் தகைவு சராசரியாகப் பரவுவதே இல்லை. தகடு முடியும் இடத்தில் குவிகிறது. பீம் வளைந்து அடிப்பக்கம் நீளப் பார்க்கிறது. தகட்டின் முனையிலோ இழுவிசை சுழியம். அந்தச் சுழியத்திலிருந்து தகடு வேலை செய்யத் தொடங்கும் அளவுக்கு விசை ஏற வேண்டும். அந்த ஏற்றம் முழுவதும் முனையை ஒட்டிய ஒரு சிறு நீளத்தில் நடந்துவிடுகிறது.

அதே பீமில், ஒட்டிய பிறகு மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சுமை ஏறுகிறது என்றும், பசை 2 மி.மீ. தடிமன் என்றும் வைத்துக்கொண்டு, விரிசல் விடாத பீமுக்கான மீள்தன்மைக் கணக்கைப் போட்டால் இப்படி வருகிறது: தகடு ஆதாரத்திலிருந்து (பீம் உட்காரும் தூணிலிருந்து) 60 செ.மீ. தள்ளி முடிந்தால் முனையில் சறுக்குத் தகைவு சுமார் 2.4 மெகாபாஸ்கல். 30 செ.மீ. தள்ளி முடிந்தால் 1.3. 10 செ.மீ. தள்ளி முடிந்தால் 0.5. வழக்கமான பீம் வாய்பாடு, அதாவது வெட்டு விசையை (பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசையை) வைத்துப் போடும் கணக்கு, 30 செ.மீ. இடத்தில் காட்டுவது வெறும் 0.04. முப்பது மடங்கு வித்தியாசம். இந்தக் குவியல் முனையிலிருந்து 5 செ.மீ. உள்ளே போவதற்குள் அநேகமாக மறைந்துவிடுகிறது.

சறுக்குத் தகைவோடு இன்னொன்றும் சேரும். முனை பீமை விட்டுக் கீழ்நோக்கி விலகப் பார்க்கும். அந்த உரிப்புத் தகைவும் இதே இடத்தில்தான் உச்சத்துக்குப் போகிறது. சுவரில் ஒட்டிய டேப்பை நீளவாக்கில் இழுத்தால் வராது, ஓரத்தை நகத்தால் தூக்கினால் சட்டென்று வந்துவிடும். முனையில் பீம் எதிர்கொள்வது இரண்டையும் சேர்த்து.

முனையைத் தவிர இன்னொரு இடமும் உண்டு. நடுவில் வளைவு விரிசல் திறக்கும் இடத்தில், விரிசலின் இரு பக்கமும் தகட்டில் விசை சட்டென்று மாறும். அங்கே தொடங்கும் உரிதல் முனையை நோக்கி ஓடும். இரண்டு வகையிலும் முன்னெச்சரிக்கை பெரிதாக இருக்காது. படாரென்று போகும்.

2. தகடு ஒட்ட இந்தப் பீம் தகுதியானதா?

பூச்சை உடைக்காமல் கொட்டேஷன் கொடுக்க வருபவரை நம்பாதீர்கள். பூச்சுக்கு மேல் வைத்து அடிக்கும் சுத்தியல் சோதனைக்கு அர்த்தமே இல்லை. கான்கிரீட் முகம் தெரிய வேண்டும்.

செய்ய வேண்டிய சோதனைகள்: கம்பி எங்கே, எத்தனை, கவர் எவ்வளவு என்று ஸ்கேன். ரீபவுண்ட் ஹேமர் (சுத்தியல் எம்பும் அளவை வைத்துக் கடினம் பார்ப்பது), ஒலி வேகச் சோதனை. கார்பனேற்றம் (காற்றின் கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைப்பது) எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பினாப்தலீன் தெளித்துப் பார்த்தல். இளஞ்சிவப்பாக மாறினால் கான்கிரீட் இன்னும் கம்பியைக் காக்கிறது, நிறம் மாறாவிட்டால் காப்பு போய்விட்டது. கார்பனேற்றம் அடைந்த முகம் கடினமாகிவிடுவதால் ஹேமர் எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதனால் கோர், அதாவது கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு, எடுத்தே ஆக வேண்டும். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456-இன்படி மூன்று கோருக்குக் குறையக் கூடாது. ஸ்கேன் முடித்து, கம்பியைத் தவிர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவில் பல வடிவமைப்பாளர்கள் இந்த வேலைக்கு அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் ஏசிஐ 440.2ஆர் வழிகாட்டியைப் பின்பற்றுகிறார்கள். அதில் கான்கிரீட் குறைந்தது 17 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும் என்று இருக்கும். அது சிலிண்டர் வலிமை, உருளைத் துண்டை நசுக்கி அளப்பது. நம் ஊரில் எல்லாரும் பேசுவது க்யூப் வலிமை. சிலிண்டர் 17 என்பது க்யூபில் ஏறக்குறைய 21. ஆகவே எம்15 (க்யூப் வலிமை 15) கான்கிரீட்டில் கட்டிய பழைய வீடுகள் இதில் தேறாது, எம்20 கூட விளிம்பில்தான் நிற்கும். ரிப்போர்ட்டில் வரும் எண் எந்த வகை வலிமை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்தது இழுவைச் சோதனை. சைட்டில் இதை எல்லாரும் புல்-ஆஃப் டெஸ்ட் என்றே சொல்வார்கள். 50 மி.மீ. விட்டமுள்ள உலோக வில்லையைக் கான்கிரீட்டில் ஒட்டி, சுற்றி வட்டமாக அறுத்துவிட்டு, பசை இறுகிய பிறகு கருவியால் இழுப்பார்கள். 1.4 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது. எண்ணை மட்டும் பார்க்காமல், வில்லையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கான்கிரீட் உடைந்து வந்திருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. பசை மட்டும் வழுவழுவென்று கழன்றிருந்தால் பரப்பு சரியாகத் தயாராகவில்லை என்று பொருள். சோதனையை நடுவில் மட்டும் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். தகடு முடியப் போகும் இரு முனைகளுக்குப் பக்கத்திலும் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். தகைவு குவிவது அங்கேதான் என்று மேலே பார்த்தோம்.

கம்பி துருப்பிடித்திருந்தால் அப்படியே மூடி ஒட்டவே கூடாது. துரு ஊதிக் கவரைத் தள்ளும், கவரோடு தகடும் போகும். கடலோரப் பகுதியில் உள்ள கட்டடம் என்றால் அரைக்கல மின்னழுத்தச் சோதனையும் செய்துவிடுங்கள். தாமிர சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டிக் கீழே போனால் துரு ஓடிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மேலே பாத்ரூம் கசிவு இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

3. வேலை தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பழைய கட்டமைப்பு வரைபடம் இருந்தால் பெரிய உதவி. பெரும்பாலும் கிடைக்காது. கட்டிய பொறியாளரின் அலுவலகம், வங்கிக் கடனுக்குக் கொடுத்த ஃபைல், பீரோவின் அடித்தட்டு என்று ஒரு வாரம் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஸ்கேன் ரிப்போர்ட்தான் அதற்குப் பதில்.

அப்புறம் இவை வேண்டும்: சோதனைக் கூடத்தின் கையெழுத்திட்ட அறிக்கை, எந்த இடத்தில் எடுத்தது என்ற குறிப்புப் படத்தோடு. கட்டமைப்புப் பொறியாளரின் வடிவமைப்புக் குறிப்பு. எடுத்துக்கொண்ட சுமை, கான்கிரீட் வலிமை, பின்பற்றிய நெறிநூல் மூன்றும் அதில் இருக்க வேண்டும். முத்திரையிட்ட வேலை வரைபடம். தகட்டுக்கும் பசைக்கும் தயாரிப்பாளரின் தரவுத்தாள், வந்திறங்கிய சரக்கின் பேட்ச் எண்ணோடு கூடிய சோதனைச் சான்று, காலாவதித் தேதி. ஒப்பந்ததாரரின் செய்முறைக் குறிப்பு.

வீட்டை வகுப்பறையாக மாற்றுவதற்கு உள்ளாட்சி அமைப்பிடமோ திட்ட அதிகாரியிடமோ வாங்கும் பயன்பாட்டு மாற்ற அனுமதி தனி விஷயம். பீமைப் பலப்படுத்திவிட்டேன் என்பது அதற்கு ஈடாகாது. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் காத்திருக்கும் காலம் மிச்சம்.

4. வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டியவை

தயங்காமல் கேளுங்கள். நல்ல பொறியாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

*தகடு எங்கே முடிகிறது?* வரைபடத்தில் ஆதாரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று எண் இருக்க வேண்டும். “போதிய நீளம்” என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். மேலே சொன்ன பீமில், பாதுகாப்புக் காரணியோடு மீட்டருக்கு 30 கிலோநியூட்டன் வரும்போது, ஆதாரத்தின் மையத்திலிருந்து ஏறக்குறைய 40 செ.மீ. வரை வளைவு விரிசல் எட்டும். அந்த விரிசலைத் தாண்டி, தகடு நங்கூரம் பிடிக்க ஒரு நீளம் வேண்டும். தகட்டின் மீள்தன்மைக் குணகத்தை (எவ்வளவு விறைப்பு என்ற எண்) தடிமனால் பெருக்கி, கான்கிரீட் வலிமையின் வர்க்கமூலத்தால் வகுத்து, மறுபடி வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். இங்கே 165,000, 1.2, சிலிண்டர் வலிமை 20 என்று போட்டால் 210 மி.மீ. ஆக 40-இல் 21 கழித்தால் 19 செ.மீ. தூணின் அரை அகலத்தைக் கழித்தால், தூணின் முகத்திலிருந்து 7, 8 செ.மீ. தூரம் வரை தகடு போயாக வேண்டும். தகட்டின் விலை மீட்டர் கணக்கு என்பதால் முனையில் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இங்கே வேண்டாம்.

இந்த 210 மி.மீ. எண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. நங்கூர நீளத்தை அதற்கு மேல் கூட்டினாலும் ஒட்டு தாங்கும் விசை அதிகமாகாது. “இரண்டு மடங்கு நீளம் கொடுத்திருக்கிறோம், இரண்டு மடங்கு பலம்” என்று யாராவது சொன்னால் அது தவறு.

*எவ்வளவு திரிபில் உரியும் என்று எடுத்திருக்கிறீர்கள்?* தகட்டின் விளம்பரத் தாளில் இழுவை வலிமை 2,800 மெகாபாஸ்கல், அறுபடும் திரிபு 1.7 சதவீதம் என்று இருக்கும். அந்த வலிமை முழுவதும் நமக்குக் கிடைக்காது. ஏசிஐ வாய்பாட்டில் நம் உதாரணத் தகடு 0.41 சதவீதத்தில் உரிந்துவிடும். அதாவது தகட்டில் ஏறும் தகைவு 680 மெகாபாஸ்கல் அளவு, வலிமையில் கால்வாசி. கணக்கில் 2,800-ஐ அப்படியே போட்டிருந்தால் அந்த வடிவமைப்பை ஒதுக்கிவிடுங்கள்.

*எத்தனை அடுக்கு?* ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தகடு ஒட்டினால் உரியும் திரிபு 0.41-இலிருந்து 0.29 சதவீதமாகக் குறைகிறது. மொத்த விசை 1.41 மடங்குதான் கூடும், பொருள் செலவோ இரண்டு மடங்கு. அதற்குப் பதில் இரண்டு தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் ஒட்டுப் பரப்பு இரட்டிப்பாகும், முழுப் பலனும் கிடைக்கும். பீமின் அகலம் அனுமதித்தால் எப்போதும் அகலமாக, மெல்லியதாக.

*முனையில் யூ வடிவப் பட்டி உண்டா?* தகடு முடியும் இடத்தில் வெட்டு விசை, கான்கிரீட் தனியாகத் தாங்கும் வெட்டு வலிமையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால், குறுக்கே யூ வடிவில் கார்பன் துணி சுற்றச் சொல்கிறது ஏசிஐ வழிகாட்டி. தாண்டாவிட்டாலும் போடுங்கள் என்பது என் கருத்து. உரிப்புத் தகைவுக்கு நேரடியான மருந்து அதுதான். பட்டி பீமின் இரு பக்கமும் ஸ்லாபின் அடி வரை ஏற வேண்டும். பீமின் கீழ் மூலைகளைக் குறைந்தது 13 மி.மீ. ஆரத்துக்கு உருட்ட வேண்டும், இல்லாவிட்டால் கூர்முனையில் நார் அறுந்துவிடும்.

*வெட்டு விசைக்கும், தூண் அருகே வரும் எதிர் வளைவுக்கும் (அங்கே பீமின் மேல்பக்கம் இழுபடும்) கணக்கு பார்த்தீர்களா?* அடியில் தகடு ஒட்டினால் வளைவுக்கு மட்டும்தான் பலம். ரிங் கம்பி (வெட்டு விசையைத் தாங்கும் குறுக்குக் கம்பி) போதாத பீமில் வளைவைப் பலப்படுத்துவது, உடையும் இடத்தை நகர்த்தி வைப்பதுதான். தூண், அஸ்திவாரம் வரை பார்க்கச் சொல்லுங்கள்.

*தகடு இல்லாமலே பீம் எவ்வளவு தாங்கும்?* தீ விபத்தில் முதலில் போவது பசை. அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸி 60 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் இளகத் தொடங்கும். தீயோ வேறு சேதமோ தகட்டைக் கெடுத்தாலும் பீம் விழக் கூடாது என்றுதான் புதிய நிலையான சுமையில் (கட்டடத்தின் சொந்த எடையில்) 1.1 மடங்கும், புதிய பயன்பாட்டுச் சுமையில் 0.75 மடங்கும் பழைய பீம் தன்னந்தனியாகத் தாங்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தாங்காது என்றால் ஒட்டுவது இந்தப் பீமுக்கு வழியே அல்ல; கான்கிரீட் ஜாக்கெட்டோ (பீமைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் போர்த்துவது) இரும்பு பீமோதான். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பீம் என்றால், சென்னை வெயிலை மனதில் வைத்துப் பசையின் இளகும் வெப்பநிலையைத் தரவுத்தாளில் பாருங்கள்.

“கார்பன் விலை அதிகம், இரும்புத் தகடு ஒட்டலாமே” என்ற பேச்சும் வரும். தவறில்லை. ஆனால் நம் உதாரணத்தில் அதே 100 மி.மீ. அகலத்துக்கு 6 மி.மீ. இரும்புத் தகடு ஒட்டினால், 30 செ.மீ. முனையில் சறுக்குத் தகைவு 1.3-இலிருந்து 3.1 மெகாபாஸ்கலுக்கு ஏறிவிடும். தடித்த தகடு முனையை அவ்வளவு பலமாக இழுக்கிறது. ஆகவே இரும்பு என்றால் அகலம் தடிமனைப் போல ஐம்பது மடங்காவது இருக்கட்டும், 150 மி.மீ. அகலத்துக்கு 3 மி.மீ. முனையில் போல்ட்டும் வேண்டும். போல்ட் போட்டால் உச்சத் தகைவு குறையும் என்று நினைக்காதீர்கள். உரியத் தொடங்கிய தகடு மொத்தமாக விழாமல் பிடிப்பதே அதன் வேலை. கார்பன் தகட்டிலோ துளையே போடக் கூடாது. நார் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதால் துளை போட்ட இடத்தில் அறுந்து, அங்கிருந்து பிளக்கும்.

5. கொட்டேஷன்: எதைச் சேர்க்கிறார்கள், எதை விடுகிறார்கள்

தகடு ஓடும் மீட்டர் கணக்கிலும், கார்பன் துணி ஒரு அடுக்குக்குச் சதுர மீட்டர் கணக்கிலும் வரும். ஒருவர் தகடும் இன்னொருவர் துணியும் போட்டிருந்தால் மொத்தத் தொகையை ஒப்பிடுவதில் பயனில்லை. இருவருக்கும் ஒரே முத்திரையிட்ட வரைபடத்தைக் கொடுத்துத்தான் விலை கேட்க வேண்டும். வரைபடம் வருவதற்கு முன் வாங்கிய விலை வெறும் பேச்சு.

குறைந்த கொட்டேஷனில் வழக்கமாகக் காணாமல் போகும் வரிகள் இவை: பூச்சு உடைத்து அள்ளுவது, சாரமும் ஜாக்கி முட்டும், பழுது மார்ட்டர், விரிசலுக்கு எபாக்ஸி ஊசி, முனை யூ பட்டி, ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் இழுவைச் சோதனை, தீக் காப்புப் பூச்சு, மறுபடி பூசிப் பெயின்ட் அடிப்பது, 18 சதவீத ஜிஎஸ்டி. இவை ஒவ்வொன்றையும் தனி வரியாகக் கேளுங்கள். சின்ன வீட்டு வேலையில் தகட்டின் விலையைவிட இந்த வரிகளின் கூட்டுத்தொகை அதிகமாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வடிவமைப்புப் பொறியாளரின் கட்டணத்தையும் சோதனைக் கூடத்தின் கட்டணத்தையும் நீங்களே நேரடியாகக் கொடுங்கள். ஒப்பந்ததாரர் மூலமாகக் கொடுத்தால், அவர் வேலையைச் சோதிப்பவருக்கு அவரே சம்பளம் கொடுக்கிறார் என்றாகிவிடும். முன்பணம் பொருள் வந்திறங்கும் அளவுக்கு மட்டும். ஒட்டிய பிறகான சோதனை தேறிய பின்னால் கொடுப்பதற்கு ஒரு நல்ல பங்கை நிறுத்தி வையுங்கள்.

6. காலக் கணக்கு

ஒட்டுவது ஓரிரு நாள் என்பது உண்மை. அதைச் சுற்றியிருப்பதுதான் நீளம். சோதனை, ரிப்போர்ட், வடிவமைப்பு என்று ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். கவர் பழுது பார்த்து மார்ட்டர் வைத்திருந்தால், அது முதிர்ந்து ஈரம் வடிய 28 நாள் விடுவது நல்லது. இந்த இடத்தில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ஈரம் உள்ளே இருக்கும்போது ஒட்டினால், பசை மார்ட்டரைச் சரியாகப் பிடிக்காது, முதிராத மார்ட்டர் பழைய கான்கிரீட்டையும் சரியாகப் பிடித்திருக்காது. ஒட்டிய பிறகு முழு இறுக்கத்துக்கு ஏழு நாள், அதுவரை முட்டு அப்படியே நிற்க வேண்டும். ஆக இரண்டு முதல் மூன்று மாதம். ஜூனில் வகுப்பு தொடங்க வேண்டுமானால் பிப்ரவரியில் பூச்சை உடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்டும் தேதி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. முட்டுக் கொடுப்பதும் பரப்பைத் தயார் செய்வதும்

ஒட்டும் நேரத்தில் பீமில் ஏற்கெனவே இருக்கும் சுமையைத் தகடு சுமக்காது. ஒட்டிய பிறகு வருவதைத்தான் பகிரும். ஆகவே மேலே இருக்கும் சாமான்களை இறக்கி, பொறியாளர் சொல்லும் அளவுக்கு ஜாக்கி முட்டால் பீமைத் தூக்கிப் பிடித்த பிறகே ஒட்ட வேண்டும். எவ்வளவு தூக்குவது என்பது மேஸ்திரியின் கையளவில் விடுகிற விஷயம் அல்ல.

கான்கிரீட் முகத்தில் படிந்திருக்கும் சிமென்ட் பால், பெயின்ட், சென்ட்ரிங் ஆயில் எல்லாம் போகும்வரை டைமண்ட் கப் கிரைண்டரால் தேய்த்து, ஜல்லி கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொட்டால் சொரசொரப்பாக இருக்க வேண்டும். உளியால் கொத்தி விடுவது வேண்டாம். அது மேல் தோலை உள்ளுக்குள் நொறுக்கிவிடுகிறது. பிறகு வாக்குவம் போட்டுத் தூசியை எடுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். இரண்டு மீட்டர் மட்டப்பலகை வைத்து, உள்நோக்கிக் குழிந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். குழியில் ஒட்டிய தகடு சுமை ஏறும்போது நேராகப் பார்க்கும், பீமை விட்டு விலகும். அந்தக் குழிகளை எபாக்ஸி மார்ட்டரால் நிரப்புங்கள். சாதாரண வால் புட்டி கூடவே கூடாது.

8. ஒட்டும் நாள்

விடிகாலையில் தொடங்குங்கள். சென்னைக் கோடையில் பத்து மணிக்கு மேல் பசை கலக்கும் பாத்திரத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். ஆனால் கான்கிரீட் முகத்தில் பனி ஈரம் கோத்திருக்கக் கூடாது. பரப்பின் வெப்பநிலை, பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியும் வெப்பநிலையைவிட) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும்.

தகட்டை முதலில் அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் துடைப்பார்கள். முதல் துடைப்பில் துணி கன்னங்கரேலென்று வரும். புதுத் துணி மாற்றி மாற்றி, கறுப்பு ஏறாமல் வரும்வரை துடைக்க வேண்டும். பையன்கள் இரண்டு துடைப்போடு நிறுத்தப் பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று துணியை வாங்கிப் பாருங்கள். உரித்தெடுக்கும் மேலுறை உள்ள தகடு என்றால் அதை உரித்தாயிற்றா என்றும் பாருங்கள்.

பசை இரண்டு பாகமாக வரும், பெரும்பாலும் ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. கோடே இல்லாத ஒரே சாம்பல் நிறம் வரும்வரை மெதுவான வேகத்தில் கலக்க வேண்டும். வேகமாகச் சுற்றினால் காற்று நுழையும். டப்பாவைப் பாதியாகக் கண்ணளவில் பிரிப்பது இந்த வேலையைக் கெடுக்கும் மிக எளிய வழி. முழு டப்பாவாகக் கலக்கச் சொல்லுங்கள், அல்லது தராசு வையுங்கள். கலந்த நேரத்தையும் பேட்ச் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள்.

கான்கிரீட்டில் ஒரு மெல்லிய பூச்சு. தகட்டில் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்த கூரை வடிவில் பசை. தகட்டைத் தூக்கி வைத்து ரப்பர் ரோலரால் நடுவிலிருந்து முனை நோக்கி அழுத்தினால், காற்று ஓரமாக வெளியேறி இரு பக்கமும் பசை பிதுங்கும். ஒரே சீராகப் பிதுங்க வேண்டும். பிதுங்காத இடம் வெற்றிடம். பக்கவாட்டில் பிதுங்கியதை வழித்து எடுத்துவிடலாம். முனையில் பிதுங்கியதை மட்டும் சரிவாக விட்டுவிடச் சொல்லுங்கள். அந்தச் சிறு சரிவு முனைத் தகைவை ஓரளவு தணிக்கும்.

கார்பன் தகட்டை அறுக்கும் தூசி மின்சாரம் கடத்தும். தோலில் பட்டால் அரிக்கும். அறுப்பது வெளியே, ஸ்விட்ச் போர்டுக்குத் தள்ளி, முகமூடியும் கையுறையும் போட்டு.

9. சோதித்துவிட்டுத்தான் பில்

பசை இறுகிய பிறகு சிறிய சுத்தியலாலோ நாணயத்தாலோ தகடு நெடுகத் தட்டிக் கேளுங்கள். திடமான இடத்தில் ஒலி அடங்கிக் கேட்கும். வெற்றிடத்தில் டொக்கென்று பொள்ளலாகக் கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அளந்து, படம் எடுங்கள். ஏசிஐ வழிகாட்டியில் 1,300 சதுர மி.மீ.க்குக் குறைந்த வெற்றிடங்கள், மொத்தப் பரப்பில் 5 சதவீதத்துக்குள்ளும் சதுர மீட்டருக்குப் பத்துக்குள்ளும் இருந்தால் ஏற்கலாம். 16,000 சதுர மி.மீ.க்கு மேல் என்றால் அறுத்தெடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். இடைப்பட்டதற்கு அளவையும் இடத்தையும் பார்த்து முடிவு செய்வார்கள். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் எந்த அளவு வெற்றிடம் வந்தாலும் ஏற்காதீர்கள். இது நெறிநூலில் இல்லை, என் நிபந்தனை. ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அதே நாளில், அதே பசையால், பீமின் பக்கவாட்டில் ஒட்டி வைத்த சோதனைத் துண்டில் மறுபடி இழுவைச் சோதனை. அதே 1.4, உடைவும் கான்கிரீட்டிலேயே இருக்க வேண்டும். இரண்டும் தேறிய பிறகுதான் ஜாக்கி முட்டுகளை எடுப்பதும் மீதிப் பணமும். முட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். தளர்த்தும்போது இரு முனைகளிலும் ஒருவர் விளக்கோடு நின்று பார்க்கட்டும்.

கடைசியாக, பூச்சும் பெயின்ட்டும் அடித்த பிறகு தகடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் ஃபேன் கொக்கிக்கோ ஏசி பைப்புக்கோ வரும் எலக்ட்ரீஷியன் பீமின் அடியில் டிரில் வைப்பார். “உள்ளே கார்பன் தகடு உள்ளது, துளையிடக் கூடாது” என்று ஒரு சின்னத் தகட்டில் எழுதி அந்தப் பீமிலேயே மாட்டுங்கள். வரைபடத்தின் ஒரு நகலை மின்சார மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.